துரை பங்களாவின் பின்வாசல்

காரை நிறுத்தியதும் நான் முன்படியை நோக்கி நடந்தேன். அப்பா என்னோடு வரவில்லை. திரும்பிப் பார்த்தால், இடுப்பளவு வளர்ந்த லாலான் புல்லைக் கையால் விலக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா, வாசல் இங்க இருக்கு!"

"அது துரை வாசல். நமக்குக் குசினிப் பக்கம்."

கடைசித் துரை அந்த வீட்டைவிட்டுப் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூரையில் பாதி இல்லை. கதவை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தும் அறுபத்தேழு வயதில் என் அப்பாவுக்கு அந்த முன்படியில் கால் வைக்க மனம் வரவில்லை. வானொலியில் தினமும் காலை நான்கு மணி நேரம் ஓயாமல் பேசுகிறவள் நான். அப்போது எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. நானும் புல்லை விலக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

ஸ்கூடாய் என்றால் இன்றைய இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தாமான் யுனிவர்சிட்டி கடைகள், காலையில் சிங்கப்பூருக்கு விரையும் மோட்டார் சைக்கிள் கூட்டம். பல்கலைக்கழகம் இங்கே வந்தது 1985இல்தான். அதற்கு முன்பு இந்த வட்டாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் அப்பா ஒரே வரியில் சொல்வார்: "அந்தப் பக்கம் கித்தா, இந்தப் பக்கம் கித்தா, நடுவுல ரோடு."

கித்தாவுக்கும் முன்னால் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆறுகளைச் சீன முதலாளிகளுக்குக் குத்தகை போலக் கொடுத்து, கரையோரக் காடுகளில் கம்பீரும் மிளகும் பயிரிட வைத்தார்கள். கங்சூ முறை என்று பெயர். 1844இல் எழுதப்பட்ட மிகப் பழைய ஆற்றுப் பத்திரங்களில் ஒன்று ஸ்கூடாய் ஆற்றுக்கானது. கங்கார் பூலாய் என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் 'கங்கார்' அந்தக் காலத்தின் மிச்சம். 1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்தது. 1917இல் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. ரப்பரோடு நம் ஆட்களும் வந்தார்கள். அந்த ரப்பரையும் பின்னாளில் வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனையை வெட்டி இரட்டை மாடி வீடு நடுகிறார்கள்.

நாங்கள் போன தோட்டம் ஸ்கூடாயிலிருந்து பூலாய் மலைப் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று இப்போதைய நிர்வாகம் கேட்டுக்கொண்டது. உள்ளே போக எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்து காணொளி எடுப்பது இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. யாரும் இல்லாத வீடு, யாருக்கும் சொந்தமில்லாத வீடு ஆகிவிடாது. அத்துமீறி நுழைந்தால் தண்டனைச் சட்டத்தின் 447ஆவது பிரிவு இருக்கிறது. பாம்பும் இருக்கிறது.

நான் பேய் தேடிப் போகவில்லை. போனது என் அத்தைக்காக.

அத்தை 1951இல் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தார். அப்பா 1958இல், அதே லயத்தில், அதே அறையில் பிறந்தார். அப்பாவின் அடையாள அட்டை நீலம். அத்தையின் அட்டை சிவப்பு. 1957 ஆகஸ்ட் 31க்குப் பிறகு பிறந்ததால் அப்பா சட்டப்படி தானாகவே குடிமகன் ஆனார். அதற்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். அரசியலமைப்பின் 16ஆவது விதி அவர்களுக்கு வழி வைத்திருக்கிறது: பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் ஐந்து ஆண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை, ஓரளவு மலாய். அத்தைக்கு எல்லாம் உண்டு. இந்த மண்ணில்தான் பிறந்தார் என்பதைக் காட்ட ஒரு துண்டுத் தாள் மட்டும் இல்லை.

1951 அவசரகாலத்தின் உச்சம். தோட்டத்து ஆட்களை முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. பிரசவத்தை லயத்து மருத்துவச்சி பார்த்தார். தாத்தா வெளியே போய்ப் பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போயிருப்பாரா என்று தெரியாது. பின்னாளில் சிவப்பு அட்டை கிடைத்தபோது, "கார்டுதான் இருக்கே" என்று திருப்தி அடைந்துவிட்டார். 1968இல் வந்த சட்டத்தால் குடிமகன் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. அதன் பிறகுதான் சிவப்புக்கும் நீலத்துக்கும் என்ன வேறுபாடு என்று தோட்டங்களில் பலருக்குப் புரிந்தது. அப்போது நிறையக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறின. அத்தை சீட்டு வாங்கிக்கொண்டு மறுநாளும் பால்மரம் வெட்டப் போனார்.

எழுபத்து நான்கு வயதுவரை அவர் ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. அரசாங்க உதவித்தொகைக்கு மனுச் செய்யும் வரிசையில் தம்பிக்குத் துணையாக நிற்பார், தமக்காக நின்றதில்லை. இரண்டு முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்தும், பிறந்த இடத்துக்கு ஆதாரம் போதவில்லை என்று மனு திரும்பி வந்தது. மூன்றாம் முறை முயல்வோம் என்று நான் சொன்னபோது, "விடும்மா, சாகப்போற காலத்துல என்ன கலர் கார்டா இருந்தா என்ன" என்றார். பிறகு இரண்டு நாள் கழித்து அவரே வந்து சொன்னார்: தோட்டத்து ஆபீசை மூடியபோது பழைய செக்ரோல் புத்தகங்களை எல்லாம் பெட்டியில் போட்டுத் துரை பங்களாவின் ஸ்டோர் அறையில் வைத்ததாகக் கேள்வி. அதற்குத்தான் இந்தப் பயணம்.

பங்களா ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. துரை பங்களாக்கள் எல்லாமே மேட்டில்தான் இருக்கும். காற்றுக்காக என்பார்கள். அங்கே நின்று பார்த்தால் லயம் இருந்த இடம், பெரட்டுக் களம், ஸ்டோர் எல்லாம் தெரியும் என்பது காற்றைவிட முக்கியமான காரணமாக எனக்குப் பட்டது. ஆளுயரச் செங்கல் தூண்கள், அவற்றின் மேல் பலகை வீடு, மூன்று பக்கமும் வராந்தா. தரைப்பலகை செங்கால் மரம். அதனால்தான் இத்தனை மழைக்கும் நிற்கிறது. குசினி தனியாக, கூரை போட்ட நடைபாதையின் கடைசியில். தீப்பிடித்தாலும் பெரிய வீட்டுக்குப் பரவக்கூடாது, புகையும் வரக்கூடாது. குளியலறைக்கு வெளியிலிருந்து தனிப்படி. அது கழிவு வாளி எடுக்க வருபவருக்கு. ஒரே வீட்டுக்கு மூன்று படிகள். யார் எந்தப் படியில் ஏற வேண்டும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

பாட்டி அந்தக் குசினியில் பல வருடம் பாத்திரம் துலக்கியிருக்கிறார். அப்பா சின்னப் பையனாகக் குசினிப் படியில் உட்கார்ந்து, மிச்ச ரொட்டிக்குக் காத்திருந்திருக்கிறார். "இந்தப் படிதான்," என்று காட்டினார். மூன்றாவது படியின் ஓரம் தேய்ந்திருந்தது. உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

அங்கிருந்து நடைபாதை வழியாகப் பெரிய வீட்டுக்குள் போனோம். நடு ஹாலில் ஓடு சரிந்து, மழைத்தண்ணீர் தேங்கி, கொசு மொய்த்தது. கூரையின் வழியே ஒரு மஹாங் மரம் வெளியே எட்டிப் பார்க்கிறது. மச்சில் கூகை ஒன்று குடியிருக்கிறது. முகம் வெள்ளையாக, தட்டு மாதிரி. தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தது. பேய்வீடு என்று ஊரில் சொல்வதற்கு இதன் சத்தம்தான் காரணமாக இருக்கும். செம்பனைக் காய்களைத் தின்னும் எலிகளைப் பிடிப்பதால் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி செய்து கம்பத்தில் வைக்கிறார்கள். இது பெட்டி வேண்டாம் என்று பங்களாவையே எடுத்துக்கொண்டது.

ஸ்டோர் அறையில் பெட்டி இருந்தது. உண்மையாகவே இருந்தது! நெஞ்சு படபடக்க மூடியைத் தூக்கினேன். உள்ளே கறையான் மண். கையளவு ஆழத்துக்குக் கிளறினேன். தாளின் ஓரங்கள் பிஸ்கட் போலப் பொடிந்தன. அடியில் மட்டும் நாலைந்து பக்கம் தப்பியிருந்தது. எண்பதுகளின் கணக்கு: இத்தனை டன் காய், இத்தனை மூட்டை உரம். ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் மூடியை மறுபடி சாத்தினார். காலியான பெட்டியை எதற்குச் சாத்துகிறார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, பேராக்கில் பத்து காஜா அருகே இருக்கும் கெல்லி அரண்மனைக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற மாளிகை. கட்டுமானத்தில் பெரும்பகுதி நம் தமிழர்களின் உழைப்பு. ஸ்பானியக் காய்ச்சல் வந்து அவர்களில் பலர் மடிந்தார்கள். பக்கத்தில் அவர் கட்டிக்கொடுத்த கோயிலின் கூரையில், தெய்வச் சிலைகளுக்கு நடுவில் துரையின் உருவமும் தொப்பியோடு நிற்கிறது. மாளிகைக்கு இப்போது நுழைவுச்சீட்டு உண்டு, வழிகாட்டி உண்டு. நாங்கள் எடுத்த குறும்படத்துக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அதில் முழுக்க முழுக்கத் துரையின் கதைதான். கட்டியவர்கள் எங்கே தங்கினார்கள் என்று கேட்க அன்றைக்கு எங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் லயத்தில் பிறந்தவரின் மகள்.

வெளியே வந்தபோது காரில் அத்தை இல்லை. கால்வலி என்று இறங்காமல் இருந்தவர், குடையை ஊன்றிக்கொண்டு மேட்டுக்குக் கீழே செம்பனை நிரைக்குள் நின்றிருந்தார். ஓடிப்போனேன். தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டேன், தொழில் பழக்கம்.

"இதுதான் ஆயாக்கொட்டகை. அந்தக் கல்லு தெரியுதா, அது தண்ணிக் குழாய் மேடை. அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது லயம். எங்க வீடு ஓரத்துல இருந்து மூணாவது. இங்க கிராணி வீடு. இங்க ஒரு கொய்யா மரம் நின்னுச்சே..."

எனக்குத் தெரிந்தது மட்டையும் சேறும் அல்லூரும்தான். அவர் சொல்லச் சொல்ல அப்பா காலால் மட்டையை ஒதுக்கிப் பார்த்தார். சொன்ன இடத்தில் சொன்னபடி சிமெண்டு மேடையின் ஒரு மூலை இருந்தது.

எங்கள் சத்தம் கேட்டு, காய் அறுக்கும் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் வந்தார். விஷயத்தை மலாயில் சொன்னோம். கொய்யா மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு 'நெனெக்' பேரனோடு காரில் வந்து, அல்லூர் ஓரத்து மரத்தடியில் விளக்கு வைத்துவிட்டுப் போவார் என்றார். போய்ப் பார்த்தோம். மஞ்சள் துணி சுற்றிய கல், புதிதாக வைத்த எலுமிச்சம்பழம். கோயிலை வேறு இடத்துக்கு மாற்றியபோது சாமியைக் கொண்டுபோய்விட்டார்கள். இடத்தை விட மனமில்லாத யாரோ ஒருவர் இன்னும் வருகிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நேராகப் போனேன். அத்தை பின் இருக்கையில். மாலை ஐந்தரைக்குச் சிறிய கார் ஒன்று வந்தது. இறங்கியவருக்கு எண்பத்தெட்டு வயது. கண்பார்வை மங்கல். அத்தை தம் அப்பாவின் பெயரைச் சொன்னதும், அந்தப் பாட்டி கையை நீட்டி அத்தையின் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"மூணாவது வீட்டுப் புள்ளையா நீ? உன் அம்மாவுக்கு வலி வந்தப்ப கர்ப்பு. வெளியில வெளக்கு காட்டக்கூடாது. நாந்தான் மருத்துவச்சிக்கு லாந்தர் புடிச்சேன், சீலையைச் சுத்தி மறைச்சு. எனக்கு அப்ப பதினாலு."

கர்ப்பு என்றால் ஊரடங்கு. அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அத்தை குடையைக் கீழே போட்டுவிட்டார்.

பாட்டி நீல அட்டைக்காரர். தாம் கண்டதை எழுத்தில் கொடுக்கச் சம்மதித்தார். வழக்கறிஞர் ஒருவரை வைத்துச் சத்தியப் பிரமாணம் தயாரித்து, அத்தையின் மூன்றாவது மனுவோடு சேர்த்திருக்கிறோம். இது போதுமா என்று முடிவு செய்ய வேண்டியது அரசாங்கம். வழக்கறிஞர் எங்களுக்கு அதிக நம்பிக்கையும் கொடுக்கவில்லை, நம்பிக்கையைக் கெடுக்கவும் இல்லை. இதைப் படிக்கும் குடும்பங்களில் சிவப்பு அட்டையோடு யாராவது இருந்தால், பழைய தோட்டத்து ஆட்களை இப்போதே தேடுங்கள். காகிதத்தைக் கறையான் தின்றுவிட்டது. அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அட்டையில் அத்தையின் பிறந்தநாள் ஜனவரி முதல் தேதி. தேதி தெரியாத பலருக்கு அப்படித்தான் போட்டார்கள். பாட்டியோ, மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரம் என்று சாதிக்கிறார். அது சித்திரை. "அப்படின்னா எனக்கு நாலு மாசம் வயசு கொறையுதே" என்று அத்தை. "கொறையட்டுமே, ஒனக்கு என்ன நட்டம்" என்று பாட்டி. இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் அந்த மரத்தடியில் சந்தித்து இதையே பேசுகிறார்கள். காரை ஓட்டுவது நான்.