கோப்பின் பெயரை மாற்றுமுன்

மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலை, டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப் பெயர் மாறிற்று. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும் வழிகாட்டும் பெரியவர்கள் அங்கு உளர். கணிப்பொறிக்கு அத்தகைய நினைவு கிடையாது. விரிதாள் கோப்பொன்றின் பெயரை மாற்றினால், அதனை நம்பியுள்ள மற்றொரு கோப்பு வழி தெரியாது நின்றுவிடும்.

நாம் ஆய்வு செய்த நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில் விற்பனை நிலையங்கள் உண்டு. ஒவ்வொன்றின் மாத விற்பனையும் தனித்தனி எக்ஸெல் கோப்பில் பதிவாகி, தொகுப்புக் கோப்பில் வந்து சேரும். அதனைக் கண்டே நெசவாளர்க்கு நூல் வழங்கப்பெறும். ஏப்ரலில் கணக்குகளை ஒழுங்கு செய்த எழுத்தர், அடையாற்றுக் கோப்பின் பெயரை மாற்றினார். தொகுப்பைத் திறந்தபோது, இணைப்பைப் புதுப்பிக்க இயலவில்லை என்ற அறிவிப்பு வந்தது. அவர் அதனைப் பொருட்படுத்தாது மேலே சென்றார். அடையாற்று எண் மறைந்துவிடவில்லை. மார்ச்சு மாதத்து எண்ணே அங்கு நின்றது. ஏப்ரலில் விற்பனை மிகுந்திருந்தும் நூல் குறைவாகவே வழங்கப்பெற்றது. சில தறிகள் வேலையின்றி நின்றன.

இதற்குக் காரணம் யாது? இணைப்பு என்பது ஒரு முகவரியே. கோப்புறை, கோப்பு, தாள், கட்டம் ஆகிய நான்கும் அதில் அடங்கும். மூலக்கோப்பு கிடைக்காவிடில், எக்ஸெல் கடைசியாகப் படித்த எண்ணையே காட்டும். பிழை கண்ணுக்குப் புலப்படாமைக்கு இதுவே காரணம்.

ஆகவே அன்பர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை வருமாறு:

1. மூலக்கோப்புகளையும் தொகுப்பையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். இடம் மாற்ற நேரின் கோப்புறையை முழுவதுமாக மாற்றுங்கள்.

2. பெயர் மாற்றுமுன் இரு கோப்புகளையும் திறந்துகொள்ளுங்கள். மூலக்கோப்பை 'சேவ் ஆஸ்' வழியே புதுப் பெயரில் சேமித்து, பின்னர்த் தொகுப்பையும் சேமியுங்கள். இணைப்பு புதுப் பெயருக்கு மாறிவிடும். அதன்பின் பழைய கோப்பை வேறிடத்தில் ஒதுக்கி வையுங்கள். இன்றேல் எவரேனும் அதிலேயே பதிவு செய்யக்கூடும்.

3. இணைப்பு ஏற்கெனவே அறுந்திருப்பின், 'டேட்டா' பகுதியில் 'எடிட் லிங்க்ஸ்' சென்று, 'சேஞ்ச் சோர்ஸ்' மூலம் புதிய கோப்பைக் காட்டுங்கள். புதிய பதிப்புகளில் அப்பகுதி 'ஒர்க்புக் லிங்க்ஸ்' எனப்படும். அருகிலுள்ள 'பிரேக் லிங்க்ஸ்' என்பதைத் தொடவேண்டா. அது சூத்திரத்தை நீக்கி வெறும் எண்ணை மட்டுமே விட்டுவைக்கும்.

4. தொகுப்பு மூடியிருக்கையில் மூலக்கோப்பில் ஒரு வரிசையைச் செருகினால், இணைப்பு பழைய கட்டத்தையே படிக்கும். இதற்கு எச்சரிக்கையும் வாராது. மொத்தத் தொகையுள்ள கட்டத்திற்கு ஒரு பெயர் சூட்டி, அப்பெயரோடு இணைப்பதே தக்கது.

இவ்வளவு செய்தபின்னும், மாத முடிவில் தொகுப்பின் எண்களை ஒவ்வொரு நிலையத்தின் எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்தே கையொப்பமிடுங்கள். அதற்குக் கால் மணி நேரம் போதும். ஒரு மாதம் நூலின்றி நிற்கும் தறியின் கூலியை எவரும் திருப்பித் தரமாட்டார்.