குளிர்காலத்துக்குக் கார் மேட் வாங்கும் முன்

டொராண்டோவில் ஷூவோடு சேர்ந்து காருக்குள் ஏறுவது வெறும் பனியாக இருந்தால் மேட் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பனி உருகும், காயும், கறைகூட நிற்காது. ஆனால் கூடவே உப்பும் ஏறுகிறது. முதல் பனி விழுந்ததுமே சாலை, நடைபாதை, கடை வாசல், பார்க்கிங் என்று எங்கு பார்த்தாலும் கல் உப்பைக் கொட்டிவிடுகிறார்கள். ஒன்டாரியோவில் உப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஹூரான் ஏரிக்கரையில் காட்ரிச் என்றொரு சிற்றூர்; அங்கே ஏரிக்கு அடியில் ஓடுகிறது உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். 1866இல் எண்ணெய் தேடித் துளை போட்டவர்களுக்குக் கிடைத்தது உப்பு. இன்று உங்கள் பூட்ஸில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடி அங்கிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

உப்பு கலந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. பனி சாம்பல் நிறச் சேறாகக் குழைந்து கிடப்பது அதனால்தான். சுமார் மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போன்றவற்றையும் பயன்படுத்துவார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்ளும். கார்ப்பெட்டில் ஒருமுறை இறங்கிவிட்டால் ஹீட்டரை எவ்வளவு வைத்தாலும் அந்த இடம் பிசுபிசுவென்றே இருக்கும்.

கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. தடித்த பஞ்சு அல்லது நார் மெத்தை ஒன்று இருக்கும். அதற்குக் கீழே இரும்புத் தகடு. பல கார்களில் சீட்டுக்கும் கதவுக்கும் போகும் ஒயர்களும் அவற்றின் இணைப்புகளும் அந்த மெத்தையை ஒட்டியே ஓடுகின்றன. மேலே கார்ப்பெட் காய்ந்ததுபோல் தெரியும். மெத்தை வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். உப்பு ஈரம் தகட்டில் துருவைக் கிளப்பும், ஒயர் இணைப்புகளில் பச்சை பூக்கும். காலையில் கண்ணாடி உள்பக்கமாகப் புகைபடிந்து, எவ்வளவு துடைத்தாலும் மறுபடி மூடிக்கொள்கிறதென்றால் முதலில் காலடியைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்துதான் ஆவி எழும்பிக்கொண்டிருக்கும்.

ஆகவே குளிர்கால மேட்டிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே: சேற்றுத் தண்ணீரைச் சிந்தாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். சமையலறைத் தாம்பாளம் செய்கிற வேலைதான். தாம்பாளத்துக்கு விளிம்பு முக்கியம் என்பதுபோல் இதற்கும் விளிம்பு முக்கியம். காரோடு வரும் துணி மேட்டுக்கு அது கிடையாது; தண்ணீரைக் குடித்து, கீழே இறக்கிவிடும்.

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தட்டையான ரப்பர் மேட். கோடு போட்ட இடத்தில் கத்தரித்து நம் காரின் அளவுக்குக் கொண்டுவரலாம். மலிவு, கனம், பள்ளங்களும் ஆழமாக இருக்கும். குறை என்னவென்றால், கத்தரிக்கும்போதே விளிம்பும் போய்விடுகிறது. மேட்டுக்கும் கதவுக்கும் நடுவே கார்ப்பெட் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். இன்னொன்று, குறிப்பிட்ட மாடலுக்கென்றே அளவெடுத்து வார்த்த மேட். இதை ‘லைனர்’ என்பார்கள். பக்கங்கள் சில அங்குலம் மேலேறி நிற்கும், இடதுகாலை ஊன்றி வைக்கும் மேடையையும் சிலவற்றில் மூடிவிடும். அமெரிக்காவின் வெதர்டெக், ஹஸ்கி லைனர்ஸ் இந்த வகையில் பெயர்பெற்றவை. கார் நிறுவனங்களும் தங்கள் மாடல்களுக்குத் தாங்களே விற்கின்றன; அவை பல நேரம் உயரம் சற்றுக் குறைவு, ஆனால் தரையிலுள்ள கொக்கியில் கச்சிதமாக உட்காரும். விலையில் பெரிய இடைவெளி உண்டு. முதல் வகை சில பத்து டாலர், இரண்டாவது முன்னும் பின்னும் சேர்த்தால் இருநூறைத் தாண்டிவிடும்.

பொருள் எது என்பதையும் பாருங்கள். மலிவான வினைல் குளிரில் விறைத்துவிடும். மைனஸ் 20இல் அட்டைபோல் நின்று ஓரம் தூக்கிக்கொள்ளும். நல்ல ரப்பரும், டிபிஇ எனப்படும் ரப்பர்போன்ற பிளாஸ்டிக்கும் குளிரிலும் வளையும். ரப்பருக்கு முதல் சில வாரம் வாசனை இருக்கும். மூடிய காரில் ஹீட்டர் போட்டால் தலைவலி வருகிற அளவுக்குக்கூட. டிபிஇயில் அந்தத் தொல்லை குறைவு. பள்ளங்கள் ஆழமாக இருந்தால் குதிகால் மேட்டின் மேல்வரிசையில் ஊன்றும், தண்ணீர் கீழே நிற்கும். பொங்கலன்று புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் காரைக் காப்பாற்றும் கதை. ஓட்டுநர் பக்கத்து மேட் ஆளைக் காப்பாற்றும் விஷயம். அதைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் இஎஸ் 350 கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நிற்காமல் ஓடி விபத்துக்குள்ளாகி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி. கார் ஓட்டத் தெரியாதவர் அல்ல. தன் காரைச் சர்வீஸுக்கு விட்டிருந்ததால், விற்பனையகம் தற்காலிகமாகக் கொடுத்த கார் அது. விசாரணையில் தெரியவந்தது: அந்தக் காரில் கிடந்தது அதே நிறுவனத்தின் வேறொரு மாடலுக்கான, அளவில் பெரிய, எல்லாப் பருவத்துக்குமான ரப்பர் மேட். அதைக் கொக்கியிலும் மாட்டியிருக்கவில்லை. ஆக்ஸிலரேட்டர் பெடலின் நுனி மேட்டின் ஓரத்தில் சிக்கியிருக்கிறது. சில நாள் முன்பு அதே காரை வாங்கிப்போன இன்னொருவருக்கும் இப்படியே சிக்கி, அவர் எப்படியோ காரை நிறுத்தி, திருப்பிக் கொடுக்கும்போது சொல்லியும் இருக்கிறார். பனியே விழாத ஊரில் நடந்தது இது.

அதற்கு அடுத்த மாதம் லெக்ஸஸின் தாய் நிறுவனமான டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வாகனங்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு விட்டது. பெடலின் நுனியையே வெட்டிச் சிறிதாக்கிக் கொடுத்தார்கள். பெடல் கோளாறுகளைப் பற்றி மக்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014இல் அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

ஆகவே ஓட்டுநர் பக்கத்தில் என் கட்சி தெளிவு: உங்கள் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய மேட் மட்டுமே. பழைய காரின் மேட்டைப் புதிய காரில் போடாதீர்கள், அது எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும். துணி மேட்டின் மேல் ரப்பர் மேட்டைப் போடுவது நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிற வழக்கம், கார்ப்பெட்டுக்கு இரட்டைப் பாதுகாப்பு என்ற கணக்கில். மேலே உள்ளதைப் பிடிக்க எதுவுமே இல்லாததால் அது மெல்ல மெல்ல முன்னே நகரும். உரிய மேட்டைப் போட்ட பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்தி விடுங்கள். எதிலும் உரசாமல் தானாக மேலே வர வேண்டும். மேட்டைக் கையால் முன்னே தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் கொக்கி மாட்டவில்லை.

ஓடும்போது எப்போதாவது பெடல் சிக்கிக்கொண்டால் குனிந்து மேட்டை இழுக்கப் போகாதீர்கள். பிரேக்கை ஒரே மூச்சில் பலமாக மிதியுங்கள். விட்டுவிட்டு மிதித்தால் பிரேக்குக்கு எஞ்சின் தரும் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். ஓரம்கட்டி நின்ற பிறகு அணைத்துக்கொள்ளலாம்.

பணம் இடிக்கிறதென்றால் முன்பக்கம் இரண்டையும் அளவெடுத்ததாக வாங்கிவிட்டு, பின்சீட்டுக்கு மலிவான ரப்பரைக் கத்தரித்துப் போட்டால் போதும். பின்னால் பெடல் கிடையாது; அங்கே போவது தண்ணீர் மட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தரையின் நடுவே எழும்பி நிற்கும் பகுதியையும் மூடுகிற ஒரே துண்டான பின்மேட் நல்லது, அவர்கள் அந்தப் பக்கமிருந்து ஏறி இந்தப் பக்கம் உட்காருவார்கள். டிக்கிக்கு ஒரு தட்டு வேண்டுமா என்று கேட்பார்கள். ஹாக்கிப் பையும் பனி வாரும் மண்வெட்டியும் ஏற்றுகிறவர்களுக்கு வேண்டும், மற்றவர்கள் காசை மிச்சம்பிடிக்கலாம்.

எவ்வளவு நல்ல மேட்டாக இருந்தாலும் நிரம்பினால் வழியும். ஏறும்போது இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டிவிட்டு ஏறினாலே பாதி குறையும். குளம்போல் தேங்கிவிட்டால் மேட்டைத் தூக்கிக் கவிழ்க்க முயலாதீர்கள், பாதி கார்ப்பெட்டில்தான் விழும். பழைய துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் தூக்குங்கள். மாதம் ஒருமுறையாவது அடியில் கைவைத்துப் பார்ப்பது அவசியம். மேட் ஈரத்தை மேலே தடுப்பதுபோலவே கீழே போனதைக் காயவிடாமலும் தடுக்கும். வெள்ளைக் கறை விழுந்த கார்ப்பெட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்து தெளித்து, துணியால் அழுத்தி எடுத்தால் போகும். மேட்டைக் கழுவச் சோப்புத் தண்ணீரே போதும். டாஷ்போர்டுக்குப் போடும் மினுக்கு எண்ணெயை இதில் தடவினால் ஈர பூட்ஸ் பெடலிலிருந்து வழுக்கும்.

ஏப்ரலில் கழற்றி எடுத்து வைக்கும்போது சுருட்டாதீர்கள். பேஸ்மென்டில் தட்டையாகப் படுக்க வையுங்கள். சுருட்டி வைத்த மேட் நவம்பரில் ஓரம் வளைந்தபடியே வரும். வெந்நீரில் நனைத்தும் நிமிராவிட்டால் அதைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.