உஷார்! காபி மெஷினைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

ஓணத் தள்ளுபடி தொடங்கிவிட்டால் திருவனந்தபுரம் ஆரியசாலையிலும் சாலைக் கடைவீதியிலும் நடக்க இடமிருக்காது. இந்த நெரிசலில் மின்சார டிரிப் காபி மேக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாக ஒரு வார்த்தை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மெஷினும் அதைப்போல் மூன்று மடங்கு விலையுள்ளதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடிக் குடுவை, சிவப்பு விளக்கு. வித்தியாசம் முழுக்க அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

தொட்டியில் ஊற்றிய தண்ணீர் அடியில் உள்ள உலோகக் குழாய்க்கு இறங்குகிறது. குழாயோடு ஒட்டிய ஹீட்டர் அதைக் கொதிக்க வைக்க, ஆவிக் குமிழிகள் வெந்நீரை மேலே தள்ளித் தூள்மேல் சொட்டவிடுகின்றன. குடுவை வைக்கும் தட்டைச் சூடாக வைத்திருப்பதும் அதே ஹீட்டர்தான். தண்ணீர் தீர்ந்ததும் குழாயின் சூடு மளமளவென்று ஏறும். உடனே தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மட்டமான தெர்மோஸ்டாட்டின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், மிச்சமிருக்கும் ஒரே காவல் தெர்மல் ஃப்யூஸ். அது ஒரே ஒரு முறைதான் அறும். அறுந்தால் புதிதாகத்தான் போட வேண்டும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது இதற்குப் பிறகு நடப்பது. ஓடாத மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தால், ஃப்யூஸை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மெஷின் முன்போலவே ஓடும், வீட்டாருக்கும் சந்தோஷம். ஆனால் தெர்மோஸ்டாட் இன்னொரு முறை ஒட்டிக்கொண்டால் தடுக்க எதுவும் இல்லை; பிளாஸ்டிக் உருகிப் பற்றிக்கொள்ளும். பழைய ஃப்யூஸைக் கையில் வாங்கிப் பாருங்கள், அதே வெப்ப அளவுள்ள புதியது போட்டார்களா என்று கேளுங்கள். சில பத்து ரூபாய்ச் சாமான் அது.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த மெஷினா? இன்னும் உஷார். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக் மாற்றிச் செருகினால் வோல்டேஜ் மாறாது. 900 வாட் ஹீட்டர் நம் மின்சாரத்தில் 3,300 வாட் வரை இழுக்கப் பார்க்கும். துபாய் மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை, பிளக் மட்டும்தான் வேறு.

நம் காபித்தூளும் இந்த மெஷின்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று. சட்டப்படி சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; மீதி முழுக்கச் சிக்கரியாக இருக்கலாம். நைசாக அரைத்த அந்தத் தூள் ஊறிச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். குடுவை சரியாக உட்காராவிட்டாலும் சொட்டு வால்வு திறக்காது. இரண்டிலும் கொதிக்கும் சேறு விளிம்பு வழியாகப் பொங்கி வழியும். தூளைப் பாதி அளவு போடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

பிராண்டு பெயரை நம்பியும் கண்ணை மூட முடியாது. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் கியூரிக் நிறுவனம், வெந்நீர் பீறிட்டுச் சுமார் 90 பேருக்குத் தீக்காயம் ஏற்பட்டதாகப் புகார் வந்த பிறகு, ஏறக்குறைய 66 லட்சம் மினி பிளஸ் காபி மெஷின்களைத் திரும்ப அழைத்தது. நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அமேசான் தளத்தில் விற்ற 2,265 பிரஷர் குக்கர்கள் தரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு இணங்காதவை என்று கூறி, அவற்றைத் திரும்பப் பெற்றுப் பணம் தரவும் 1 லட்சம் ரூபாய் அபராதம் கட்டவும் உத்தரவிட்டது. குக்கருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத காபி மெஷினைச் சோதித்து விற்கிறார்கள் என்று எதை வைத்து நம்புவது?

ஆகவே கடையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். வோல்டேஜும் வாட்டும் தயாரிப்பாளர் முகவரியும் அச்சில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழுள்ள சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள். போலி அங்கேயே பிடிபடும். குடுவை உடைந்தால் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மெஷினின் ஆயுள் ஒரு கண்ணாடியின் ஆயுள்தான். நெதர்லாந்தில் 1968 முதல் தயாராகும் மோக்காமாஸ்டருக்கு ஏன் அவ்வளவு விலை என்றால், செம்பு ஹீட்டரும் தனித்தனியாக வாங்கக்கூடிய உதிரிபாகங்களும்தான் காரணம்.

எவர்சில்வர் பாகமுள்ள மெஷினையோ பில்டரையோ காட்டி, காந்தம் ஒட்டவில்லை என்பதால் நல்ல எவர்சில்வர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிக்கல் அதிகமுள்ள 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது.

மூன்று நான்கு பேர் குடிக்கும் வீட்டுக்கு என் தீர்ப்பு இதுதான்: சில நூறு ரூபாய் எவர்சில்வர் பில்டரே போதும். அதில் ஹீட்டரும் இல்லை, ஃப்யூஸும் இல்லை, டிகாஷனும் கெட்டியாக இறங்கும். மெஷின்தான் வேண்டும் என்றால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஷாக் அடித்தாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.