குழம்பிய பக்கமும் ‘பியூட்டிபுல் சூப்’பும்

வந்து சேர்ந்த நாட்டில் வீடு, வேலை, பாடசாலை பற்றிய அறிவித்தல்கள் பெரும்பாலும் இணையப் பக்கங்களிலேயே வருகின்றன. மொழி பிடிபடாத நாம் நூறு வாடகை வீடுகளின் பட்டியலை வரிவரியாகப் பார்ப்பதென்றால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதற்குள் நல்ல வீடும் கைநழுவிவிடும். கணனி பயிலும் எமது பிள்ளைகள் இவ்வேலையைச் சில நொடிகளில் முடித்துத் தரலாம்.

இணையப் பக்கங்கள் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. குறிகளைத் திறந்துவிட்டு மூட மறப்போர் பலர். இப்படிக் குழம்பிய பக்கத்தை ‘ராக் சூப்’ என்று கேலியாகச் சொல்வார்கள். 2004இல் லெனார்ட் ரிச்சர்ட்சன் இதற்கென ஒரு சிறு நிரல் தொகுப்பை வெளியிட்டார். அதுவே ‘பியூட்டிபுல் சூப்’. லூயிஸ் கரோலின் அலிஸ் கதையில் போலி ஆமை பாடும் பாட்டிலிருந்து வந்த பெயர் இது.

பைதன் மொழியில் இயங்கும் இத்தொகுப்பு இலவசமானது. குழம்பிய பக்கத்தை வேரும் கிளையும் கொண்ட மரமாக ஒழுங்குபடுத்தும். ‘பைன்ட் ஆல்’ என்னும் கட்டளையுடன் ‘ரி.ஆர்.’ குறியைக் கொடுத்தால் அட்டவணையின் எல்லா வரிசைகளும் வந்து சேரும். அவற்றில் வாடகை குறைந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

இரண்டு விடயங்களைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். இத்தொகுப்பு ஜாவாஸ்கிரிப்டை இயக்காது. அதனால் நிரப்பப்படும் பக்கங்கள் வெறுமையாகவே தெரியும். தளத்தின் நிபந்தனைகளையும் ‘ரோபோட்ஸ்’ கோப்பையும் முதலில் வாசிக்க வேண்டும். அனுமதியின்றி அள்ளுவது முறையல்ல.

பெற்றோரே, தேவை எதுவென்று நீங்கள் சொல்லுங்கள். தேடித்தரும் வழியைப் பிள்ளைகள் கற்கட்டும்.