டென்ஷனா? சினைப்பைக்கும் சேதி போகும்!

"ஆடிட் முடியறதுக்குள்ளே உயிரே போச்சு. இந்த மாசம் தேதியும் தள்ளிப் போயிடுச்சு!" — ஆபீஸ் பெண்கள் தங்களுக்குள் இப்படிப் பேசிக்கொள்வது உண்டு. டென்ஷனுக்கும் மாதவிலக்குக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. வேடிக்கை என்னவென்றால், டென்ஷன் ஆராய்ச்சி பிறந்ததே சினைப்பையால்தான்!

எலிக்கு ஊசி

கனடாவில் மான்ட்ரீல் நகரம். மெக்கில் பல்கலைக்கழக டாக்டர் ஹான்ஸ் செலி, புது ஹார்மோன் தேடி, மாட்டின் சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டார். அட்ரீனல் சுரப்பி வீங்கியது. குடலில் புண். புது ஹார்மோன் அகப்பட்டுவிட்டதாகத் துள்ளினார்.

வேறு சாற்றைப் போட்டார். அதே வீக்கம். பார்மலினைப் போட்டார். அதே புண்! ஹார்மோன் ஆசையில் மண். ஆனால், எந்தத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் தவிக்கிறது என்று 1936-ல் எழுதினார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான்.

மேலிடத்து உத்தரவு

கவலை வந்தால் மூளை சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. (1981-ல் கலிபோர்னியா சால்க் நிலையத்தில் வைலி வேல் குழுவினர் கண்டறிந்தது.) அதன் தூண்டுதலால் அட்ரீனல், கார்ட்டிசாலைக் கொட்டுகிறது. கூடவே, சினைப்பைக்குப் போகும் மூளையின் உத்தரவும் குறைகிறது. முட்டை முதிரத் தாமதம். தேதியும் தள்ளிப் போகிறது.

எல்லாம் மேலிடத்தோடு சரி என்றுதான் நினைத்தார்கள். 1990-களில் கதை மாறியது.

டெஸ்ட் டியூப் குழந்தைக்காக முட்டையை ஊசியால் எடுக்கும்போது, அதைச் சுற்றியிருக்கும் செல்களும் கூட வரும். வழக்கமாகக் கொட்டிவிடுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தட்டில் வளர்த்து சி.ஆர்.எச். சேர்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டின் உற்பத்தியும் இறங்கியது! அங்கே மூளை ஏது? செல்லே நேராகச் சேதி கேட்கிறது. போதாக்குறைக்கு, சினைப்பைக்குள்ளேயே சி.ஆர்.எச். இருப்பதும் தெரிந்தது.

மாமியார் கவனிக்க

"நீ கவலைப்பட்டுக்கிட்டே இருக்கே, அதான் வயித்துல தங்கலை" என்று மருமகளைக் குத்த இதை ஆதாரமாக்க முடியாது. தட்டில் நடந்ததெல்லாம் உடம்பில் அப்படியே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்த செல்களும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுடையவை. குழந்தை இல்லாததற்கு டென்ஷன்தான் காரணம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை.

மூன்று மாதம் தேதி வராவிட்டால், "டென்ஷன்தான்" என்று சும்மா இருக்கக் கூடாது. கர்ப்பமா, தைராய்டா, சினைப்பையில் கோளாறா என்று டாக்டர் பார்க்கவேண்டும்.

குழந்தை தங்காத வீட்டில் புருஷனுக்கும் சோதனை உண்டு. அதுக்கு அரை நாள் லீவு போதும், சார்!