காலின் தசைநாண்களும் சாவித்துவாரச் சத்திரசிகிச்சையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வாழ்வு நெடுங்காலமாகப் பாதத்தின் பலத்தை நம்பியே நடந்து வந்திருக்கின்றது. தளைநாரைப் பாதங்களிற் பூட்டிப் பனையேறிய சீவல் தொழிலாளி, கிணற்றுத் துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து தோட்டத்துக்கு நீர் இறைத்த கமக்காரன், மணலிற் குதிக்காலை ஊன்றிக் கரைவலை இழுத்த மீனவன் ஆகியோரின் உழைப்பை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். துலா மிதித்த காலம் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும், நின்றும் நடந்தும் பிழைப்பவருக்குக் காலில் நோவு கண்டால் அன்றைய வருமானம் இன்றும் நின்றுபோகின்றது. அந்நோவுக்குப் பல வேளைகளிற் காரணமாக அமைவது தசைநாண்.

தசைநாண் என்பது யாது? தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான வெண்கயிறே தசைநாண். ஊர் வழக்கில் இதனையும் நரம்பு என்றே சொல்லுவர். ஆனால் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு வேறு, இது வேறு. துலாக்கொடி வாளியைத் தூக்குவது போல, தசை சுருங்கும்பொழுது தசைநாண் எலும்பை இழுக்கின்றது. கெண்டைக்காலிலிருந்து இறங்கிக் குதி எலும்பிற் பொருந்துவது குதிநாண். உடம்பிலுள்ள தசைநாண்களுள் மிகத் தடித்ததும் வலியதும் இதுவே. உட்கணுக்காலின் பின்னே வளைந்து செல்லும் நாண் ஒன்று பாதத்தின் வளைவைத் தாங்குகின்றது. வெளிக்கணுக்காலின் பின்னே செல்லும் இரு நாண்கள் பாதம் உட்புறமாகப் பிரளாது காக்கின்றன. கணுக்காலைச் சுற்றி வளையும் இந்நாண்கள் வழுவழுப்பான உறைகளினுள் ஓடுகின்றன. உறை அழன்று வீங்கினாலும், நாண் நெடுக்காகக் கிழிந்தாலும், நாணும் உறையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் அடியெடுத்து வைக்குந்தோறும் நோவு உண்டாகும்.

இத்தகைய உடலறிவும் சத்திரசிகிச்சை அறிவும் குடாநாட்டுக்குப் புதியன அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணாக்கருக்குக் கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய அவரது ‘இரண வைத்தியம்’ என்னும் நூல் 1867இல் வெளிவந்தது. காயங்களிற் கிருமி நுழையாது தடுக்கும் முறையை யோசேப்பு லிஸ்டர் பிரித்தானியாவில் வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். அதற்கு முன்பு, கத்தி பட்ட இடம் சீழ்ப்பிடிப்பது சாதாரண நிகழ்ச்சி. அதன் பின்னரே உடலை அகலத் திறந்து சிகிச்சை செய்யும் துணிவு வைத்தியருக்கு உண்டாயிற்று.

எனினும் பாதத்தைப் பொறுத்தமட்டில் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நின்றது. குதிநாணின்மேல் உள்ள தோல் மெல்லியது. அதற்கு இரத்த ஓட்டமும் குறைவு. நீளமாகக் கீறினால் காயத்தின் ஓரங்கள் ஆறாது போகலாம். வடு நாணோடு ஒட்டிக்கொள்ளலாம். நீரிழிவு உடையவர்க்கும் புகைபிடிப்போர்க்கும் இவ்வாபத்து அதிகம். ஆகவே, சிறு துவாரத்தின் வழியாகவே வேலையை முடிக்க இயலாதா என்னும் வினா எழுந்தது.

1918இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்கால் மூட்டின் உட்புறத்தைப் பார்த்தார். 1931இல் நியூயோர்க் வைத்தியர் மைக்கல் பேர்மன், கணுக்கால் மூட்டு இம்முறைக்கு ஏற்றதன்று, அது மிகக் குறுகியது என்று எழுதினார். கருவிகள் மெலிந்தன, அக்கருத்தும் மாறிற்று. 1997இல் அம்ஸ்ரடாமைச் சேர்ந்த வான் டைக் என்பவரும் அவர்தம் துணைவரும் உட்கணுக்கால் நாணின் உறைக்குள்ளேயே நோக்குக் குழாயைச் செலுத்திச் சிகிச்சை செய்த முறையை வெளியிட்டனர். குதிநாணின் இருமருங்கும் இரு துவாரங்களிட்டுக் கணுக்காலின் பின்புறத்தை அணுகும் முறையை 2000இல் விளக்கினர்.

இச்சிகிச்சையிற் பொதுவாக இரண்டு சிறு துவாரங்கள் இடப்படும். ஒன்றின் வழியே சில மில்லிமீற்றர் தடிப்புள்ள நோக்குக் குழாய் செல்லும். உப்புநீர் பாய்ந்து உள்ளிடத்தை விரித்துக் காட்டும். உட்காட்சி திரையிலே பெரிதாகத் தெரியும். மற்றத் துவாரத்தின் வழியே நுண்கருவியைச் செலுத்தி, அழன்ற உறையை அகற்றுவர், ஒட்டுக்களை வெட்டுவர், நாணை உராயும் எலும்பு முனையைத் தேய்ப்பர். முற்றாக அறுந்த குதிநாணைச் சிறு துளைகளின் வழியே தைக்கும் முறையை அமெரிக்காவில் மாவும் கிரிபித்தும் 1977இல் விவரித்தனர்.

துவாரம் சிறிதாயின் ஆபத்தும் சிறிதென்று எண்ணிவிடலாகாது. குதிநாண் அறுந்த 526 பேரின் முடிவுகளை ஆராய்ந்த நோர்வே வைத்தியர்கள் 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அகலக் கீறித் தைத்தவர், சிறு துளை வழியே தைத்தவர், சத்திரசிகிச்சையின்றிப் பராமரிக்கப்பட்டவர் என்னும் மூவகையினரும் ஓராண்டின் முடிவில் ஏறக்குறைய ஒரேயளவு நலம் பெற்றிருந்தனர். சத்திரசிகிச்சை பெறாதோரில் 100க்கு 6 பேருக்கு நாண் மீண்டும் அறுந்தது. பெற்றோரில் 100க்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் நரம்பு பழுதுற்றோர் சிறு துளை முறையில் 100க்கு 5 பேர். அகலக் கீறிய முறையில் ஏறக்குறைய 3 பேர். ஆகவே எம்முறை எவருக்கு ஏற்றது என்பதை நோயாளியின் வயது, தொழில், உடல்நிலை ஆகியவற்றைக் கண்டு நிபுணரே தீர்மானித்தல் வேண்டும். நாட்பட்டுப் பாதம் தட்டையாகிவிட்டவர்க்குச் சிறு துவாரம் மாத்திரம் போதாது.

மேலும், நாட்பட்ட குதிநாண் நோவுக்கு முதலில் வேண்டுவது கத்தியன்று, பயிற்சியே. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதியை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியைச் சுவீடனைச் சேர்ந்த அல்பிரெட்சன் 1998இல் விளக்கினார். நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள் அதனைச் செய்தல் வேண்டும். பயனில்லையாயின் மட்டுமே சத்திரசிகிச்சையைப் பற்றி ஆலோசிப்பர்.

அறுந்த நாணின் கதை வேறு. பின்னாலிருந்து யாரோ அடித்தாற் போன்ற உணர்ச்சியோடு குதிநாண் அறும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இரார். நோவு தணிந்ததும் தடுமாறியேனும் நடக்க முடிவதால், சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தடவி உருவிக் காலம் போக்குவோர் பலர். அதற்குள் அறுந்த நுனிகள் விலகிச் சுருங்கிவிடும். அவரைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கிப் பார்க்கலாம். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். நாண் அறுந்த காலில் அசையாது. ஐயம் உண்டாயின் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்னரும் அவசரம் கூடாது. தோற்காயம் இரு வாரங்களில் ஆறலாம். தைத்த நாண் உரம் பெறுவதற்கோ பல மாதங்கள் செல்லும். துவாரம் சிறிதென்பதற்காக அக்காலம் குறைவதில்லை. உழைப்பவர் வீட்டிலே அம்மாதங்கள் பெருஞ்சுமை என்பது மெய்யே. ஆயினும் வைத்தியர் குறித்த நாளுக்கு முன்னர் மண்வெட்டியையோ வலையையோ பிடிப்பவர் மறுபடியும் சத்திரசிகிச்சை மேசைக்குச் செல்ல நேரிடலாம். அதனை அறிந்து அவருக்கு ஓய்வு கொடுப்பது குடும்பத்தாரின் கடமையாகும்.