இல்லத்து ரூட்டர்: பழுதறிதலும் புதியது தேர்தலும்

கிண்ணியாவுக்கும் திருகோணமலை நகருக்கும் இடையே கடல்நீர் குறுக்கிட்டுக் கிடக்கின்றது. 2009 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை, அந்நீரைக் கடப்பதற்கு மக்கள் படகுப் பாதையையே நம்பியிருந்தனர். பாதை ஓடாத வேளையில் இக்கரையில் நின்றவர் முதலில் அறிய விரும்பியது பழுது எங்குளது என்பதையே. இயந்திரம் நின்றதா, கயிறு அறுந்ததா, அன்றி அக்கரைத் தெருவே வெள்ளத்தில் ஆழ்ந்ததா என்று அறியாது புதிய படகு வாங்க முற்படுவார் எவருமிலர். இன்றைய இல்லங்களில் அத்துறையை ஒத்த நிலையில் இருப்பது ரூட்டர் எனப்படும் சிறு கருவியாகும். வழிப்படுத்தி என்று தமிழில் இதனை வழங்குதலும் உண்டு. வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, கணினி ஆகியவற்றை ஒரு கரையாகவும், உலகப் பெருவலையை மறு கரையாகவும் கொண்டால், இரண்டிற்கும் இடையே செய்திப் பொதிகளை ஏற்றி இறக்கி, உரியவற்றை உரியவர்க்குச் சேர்ப்பது இதன் தொழிலாகும்.

இக்கருவி பழுதுறுதல் ஒருகாலத்தில் சிறு இடையூறாகவே கருதப்பட்டது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்நிலை மாறிற்று. ரூட்டர் நின்ற வீட்டில் பிள்ளையின் வகுப்பும் நின்றது. கடல்கடந்து வளைகுடா நாடுகளில் உழைக்கும் வாப்பாவின் குரலுக்காக இரவில் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். இத்தகைய நெருக்கடியில் ஆராயாது கடைக்கு ஓடிக் கைக்குக் கிடைத்ததை வாங்கி, அதுவும் பயன்படாமற் பொருளிழந்தோர் பலர். ஆதலின், பழுதை அறியும் முறையையும், தக்கதைத் தெரிந்தெடுக்கும் முறையையும் முறையே நோக்குதல் நன்று.

வைத்தியர் நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்து கொடுப்பார். ரூட்டரின் முகப்பிலுள்ள சிறு விளக்குகளே அதன் நாடியாகும். மின் விளக்கே எரியவில்லையாயின், பெரும்பாலும் பழுது ரூட்டரில் அன்று. சுவரிற் செருகும் மின்மாற்றியில், அதாவது அடப்டரில் உளது. அடப்டரின் மேல் 12 வோல்ற்று, 1 அம்பியர் என்றாற்போல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்று அடப்டரின் வோல்ற்றளவு அதற்குச் சமமாகவும், அம்பியர் அளவு குறையாததாகவும், முனையின் நேர் எதிர் அமைப்பு ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும். சிறு தொகையில் முடியும் இக்காரியத்திற்காக முழுக் கருவியையும் எறிந்துவிடுதல் அறியாமையாகும்.

மின் விளக்கு எரிந்து, இணைப்பு விளக்கு எரியாதிருப்பின், அல்லது ஒளியிழை இணைப்பில் சிவப்பு விளக்கு ஒளிர்ந்தால், பழுது வெளிவழியில் உளதென்று கொள்க. அப்போது புதிய ரூட்டர் எதுவும் உதவாது. சேவை வழங்குவோர்க்கு அறிவித்தலே வழி. விளக்குகள் யாவும் செம்மையாக எரிந்தும் இணையம் வாராதாயின், கட்டணம் நிலுவையா, மாதத்திற்குரிய தரவளவு தீர்ந்ததா என நோக்குக. கம்பிவழி இணைத்த கணினியில் இணையம் வந்து, கம்பியில்லா முறையில் மட்டும் வாராதாயின், ஒரு நிமிடம் மின்னை நிறுத்தி மீண்டும் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னும் திருந்தாவிடின், பழுது ரூட்டரின் வானொலிப் பகுதியில் உளது எனத் துணியலாம். பின்புறத்துள்ள மீளமைப்புப் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தலாகாது. அது பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய அமைவுகளையெல்லாம் அழித்துவிடும்.

இக்கருவிகள் கிழக்குக் கரையில் விரைந்து பழுதுறுவதற்குத் தக்க காரணங்கள் உள. முதலாவது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழுள்ள அறை உலைபோற் கொதிக்கும். ரூட்டரினுள்ளும் அடப்டரினுள்ளும் உள்ள மின்பகுப்புக் கொள்ளளவிகள், வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கின்றன என்பது பொறியியலாளர் கொள்ளும் பொது விதி. இரண்டாவது உப்புக் காற்று. இது செருகுமுனைகளை அரிக்கின்றது. மூன்றாவது இடிமின்னல். ஒற்றோபர், நவம்பர் மாதங்களிற் பிற்பகல்தோறும் எழும் இடிமுழக்கத்தின்போது, மின்கம்பியூடாகவும் செப்புத் தொலைபேசிக் கம்பியூடாகவும் பாயும் மின்னதிர்ச்சி கருவியைக் கணத்தில் எரித்துவிடும். கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. ஆயினும் அடப்டர் வழியாக வரும் ஆபத்து நீங்குவதில்லை. மின்னதிர்ச்சித் தடுப்பான் பொருத்துவோர், வீட்டின் புவித்தொடுப்பு செம்மையாக உளதா என முதலில் அறிதல் வேண்டும். அஃதின்றேல் தடுப்பானாற் பெரும்பயன் இல்லை. இடி தொடங்குமுன் மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றி விடுதலே செலவற்ற சிறந்த காவலாகும்.

இனிப் புதியது தேர்தலை நோக்குவாம். முதலில் அறியவேண்டியது வீட்டுக்கு வரும் இணைப்பின் வகை. செப்புக் கம்பிவழி வரும் ஏடிஎஸ்எல் இணைப்புக்கு அதற்குரிய மோடம் அமைந்த ரூட்டர் வேண்டும். ஒளியிழை இணைப்பில், சேவை வழங்குவோர் தரும் முனையக் கருவியை அகற்றிக் கடையில் வாங்கியதை அவ்விடத்தில் வைத்தல் பொதுவாக இயலாது. புதியதை அதன் பின்னே கம்பியால் இணைத்தல் வேண்டும். 4ஜி முறையில் சிம் அட்டை இடும் ரூட்டர்கள் சில, ஒரே சேவைக்குப் பூட்டப்பட்டவை. இவ்வேறுபாடு அறியாது வாங்குவதே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

பெட்டியின் மேற் பொறித்த பெரிய எண்களைக் கண்டு மயங்கலாகாது. வீட்டுக்கு வருவது நொடிக்கு 20 மெகாபிற்று ஆயின், 3,000 என்று பொறித்த கருவியும் இணையத்திலிருந்து 20 மெகாபிற்றுக்கு மேற் கொணராது. மறுபுறம், 100 மெகாபிற்றுக்கு மேற்பட்ட இணைப்புடையோர், கம்பித் துளைகள் கிகாபிற்று வகையினவா என நோக்குதல் வேண்டும். கம்பியில்லா வலையின் பொது நியமம் 1997 இல் வகுக்கப்பட்டது. அதன் பின்வந்த தலைமுறைகள் இன்று வைஃபை 4, 5, 6 என எண்ணாற் குறிக்கப்படுகின்றன. வைஃபை 5 அல்லது 6 வகையில், 2.4, 5 கிகாஹேட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளும் உடையது சாதாரண வீட்டுக்குப் போதும். 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் 12.5 சதம மீற்றர். இது சுவரைக் கடந்து தூரம் செல்லும். ஆனால் அயல்வீட்டு அலைகளோடு நெருக்குண்ணும். 5 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் 6 சதம மீற்றர். இது விரைவு மிக்கது. சுவர்களால் எளிதில் தளரும். கொம்புகள் பல இருத்தல் ஒன்றே தரத்துக்குச் சான்றாகாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரமும், எழுத்திலான உத்தரவாதமும், உற்பத்தியாளர் மென்பொருளைத் தொடர்ந்து புதுப்பித்து வழங்கும் வழக்கமுமே நம்பத்தக்க சான்றுகளாம்.

இவற்றுள் இறுதியாகக் கூறியது பலராற் பொருட்படுத்தப்படுவதில்லை. 2016 ஆம் ஆண்டு நவம்பரில் ஜேர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் இல்லங்களின் இணைப்பு, ரூட்டர்கள்மீது நிகழ்த்தப்பட்ட தாக்குதலால் தடைப்பட்டது. ஆதலின் புதுப்பித்தல் நின்றுபோன பழங்கருவியை மலிவென்று வாங்குதல் தகாது. வாங்கியவுடன் நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றிப் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என அமைத்தலும் இன்றியமையாதது.

மின்வெட்டுக்கும் வழி காணல் வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின் நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திரார். ரூட்டருக்கென விற்கப்படும் சிறு யூபிஎஸ் ஒன்றில் 8,800 மில்லியம்பியர் மணி என எழுதியிருக்கக் காணலாம். இது 12 வோல்ற்றில் அன்று, உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ற்றிற் கணித்தது. எனவே அதன் சேமிப்பு 8.8 × 3.7, அதாவது ஏறத்தாழ 32.5 வாற்று மணியாகும். 8 வாற்று உண்ணும் ரூட்டர் இதனால் 4 மணித்தியாலம் இயங்கும். மாற்றத்தில் நேரும் இழப்பைக் கழித்தால் 3 மணித்தியாலத்துக்குச் சிறிது கூடலாம். பெருக்கல் அறிந்த மாணவன் எவனும் செய்யத்தக்க இக்கணக்கு, விற்பவர் கூறும் மிகைமொழியினின்றும் தந்தையின் பணத்தைக் காக்கும்.

புதியதைப் பொருத்துங்கால், பழைய வலையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே அதற்கும் இடின், வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் தாமாகவே இணைந்துகொள்ளும். வீட்டின் நடுவே, தரையினின்றும் உயர்ந்த, காற்றோட்டமான இடமே தக்கது. இரும்பு அலுமாரி, மீன்தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் அருகே வைத்தல் ஆகாது. 2.4 கிகாஹேட்ஸில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மேவாதன. அயலார் பயன்படுத்தாத ஒன்றைத் தேர்க. சேவைக்குரிய பயனர் பெயர், வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரு கொப்பியிற் பேணி வைத்தல், அடுத்த பழுதின்போது பேருதவியாகும்.

பாலம் வந்த பின்னரும் அதைப் பேணுதல் தேவையாகவே இருக்கின்றது. அதுபோலவே வீட்டுக்குள் அமைந்த இச்சிறு துறையும். விலையுயர்ந்த கருவி தானாக நிலைத்து நிற்பதில்லை. அளவான கருவியும் அறிந்து பேணுவோர் கையில் ஆண்டுகள் பல உழைக்கும். கருவியை வாங்குவதற்குப் பணம் போதும். அது நின்றபோது கலங்காது காரணம் காண்பதற்குக் கல்வி வேண்டும். அக்கல்வியை மாணவர் தம் இல்லத்திலேயே பயன்படுத்துவராயின், அவர்தம் வகுப்பும் தடைப்படாது. தொலைவிலுள்ள தந்தையின் குரலும் தவறாது வந்து சேரும்.